வாரம் ஒரு மாத்திரை: செகந்திராபாத் நிகழ்வும் மெஃப்ளோகுயினும்

2002 அக்டோபர் 16, மாலை நான்கு மணி. செகந்திராபாத்தில் ஒரு வாடகைக் குடியிருப்பிலிருந்து 28 வயது அமெரிக்கர் ஒருவர் வெளியே நடந்து போனார். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனதைப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தின் காவலாளி. மறுநாள் சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு ரயில் நிலையத்தில் அவருக்கு உணர்வு திரும்பியது. தான் யார், பெயர் என்ன, இந்தியாவில் என்ன வேலை, எதுவுமே தெரியவில்லை.

ஒரு போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். போதைப்பொருளில் சிக்கிய வெளிநாட்டுக்காரர் என்று நினைத்தார். நினைவே இல்லாத அந்த மனிதரும் அதையே நம்பிவிட்டார். தன்னைப் பற்றி வேறு தகவல் எதுவும் அவரிடம் இல்லையே. அப்புறம் மூன்று நாள் மனநல மருத்துவமனையில், கட்டிலோடு கட்டப்பட்ட நிலையில், இல்லாத காட்சிகளைக் கண்டுகொண்டும் இல்லாத குரல்களைக் கேட்டுக்கொண்டும் கிடந்தார். நினைவு பின்னர் துண்டு துண்டாகத்தான் திரும்பியது.

அவர் போதைப்பொருள் எதையும் எடுத்திருக்கவில்லை. ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்வி உதவித்தொகையில் இந்தியா வந்தவர். மலேரியா வராமல் இருக்க, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாரம் ஒன்றாக விழுங்கிவந்தார். மாத்திரையின் வணிகப் பெயர் லாரியம், மருந்தின் பெயர் மெஃப்ளோகுயின். இதையெல்லாம் அவரே 2013இல் ஓர் அமெரிக்க நாளிதழில் எழுதினார். இந்த ஆய்வுக்கு அவர் பெயர் அவசியமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஊரையும் கொஞ்சம் கவனியுங்கள். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் ரொனால்ட் ராஸ் முதன்முதலில் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று, இதே செகந்திராபாத்தில்தான். மலேரியாவுக்கு எதிரான நீண்ட போரின் பெரிய வெற்றி ஒன்று நடந்த இடத்திலேயே, அந்தப் போரின் ஆயுதம் ஒன்று ஒரு மனிதனின் மூளையைத் தாக்கியிருக்கிறது.

மருந்து எங்கிருந்து வந்தது

வியட்நாம் போரின்போது, குளோரோகுயின் என்ற வழக்கமான மலேரியா மருந்துக்குக் கட்டுப்படாத, உயிரைப் பறிக்கும் வகையான ஃபால்சிபாரம் மலேரியா அமெரிக்க வீரர்களை வீழ்த்தியது. வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனம் லட்சக்கணக்கான சேர்மங்களைச் சோதித்துப் பார்த்தது. அவற்றிலிருந்து தேறி வந்த ஒன்றுதான் மெஃப்ளோகுயின். வேதியியல் வடிவத்தில் இது நம் பாட்டன்மார் கசக்கக் கசக்க விழுங்கிய கொயினாவுக்கு நெருங்கிய உறவு. ரோஷ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1989இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

வாரத்துக்கு ஒரு 250 மி.கி. மாத்திரை போதும் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. தினமும் மருந்து சாப்பிட வைப்பது எவ்வளவு கடினம் என்பது படைப்பிரிவுகளை நடத்துபவர்களுக்குத் தெரியும். ஆனால் வாரம் ஒன்று போதுமானதற்குக் காரணமே, மருந்து உடம்பை விட்டு லேசில் போகாது என்பதுதான். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக மூன்று வாரம் ஆகும். சிலருக்கு இரண்டு, சிலருக்கு நான்கு. அதற்குள் அடுத்தடுத்த மாத்திரைகள் உள்ளே போய்விடுவதால் அளவு ஏறிக்கொண்டே போய், ஏழு முதல் பத்து வாரத்தில்தான் ஒரு மட்டத்தில் நிற்கும். அப்போது ரத்த பிளாஸ்மாவில் லிட்டருக்கு 1000 முதல் 2000 மைக்ரோகிராம் இருக்கும். மலேரியாவை 95 சதவீதம் தடுக்க 620 மைக்ரோகிராம் போதும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஏதோ சரியில்லை என்று ஒருவர் இன்று மாத்திரையை நிறுத்தினாலும், ஆறு வாரம் கழித்தும் கால் பங்கு மருந்து உள்ளேயே இருக்கும். மற்ற மருந்துகளில் 'நிறுத்திப் பார்க்கலாம்' என்பது ஒரு பாதுகாப்பு. இங்கே நிறுத்துகிற முடிவே பல வாரம் முன்கூட்டி எடுக்கப்பட வேண்டியது.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

நினைவிழந்து, குழம்பி, இல்லாததைக் காணும் ஒருவர் இந்திய நகரம் ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்தால், முதலில் நினைக்க வேண்டியது மூளை மலேரியா. அடுத்து வைரஸ் மூளைக்காய்ச்சல், வலிப்பு நோய்க்குப் பின்னான குழப்பம், மது அல்லது போதைப்பொருள், சர்க்கரை அல்லது சோடியம் தாழ்ந்துபோதல். இவையெல்லாம் விலக்கப்பட்ட பிறகே மனநோயின் முதல் தாக்குதல் என்ற முடிவுக்கு வரலாம். அதிர்ச்சியால் தன் அடையாளத்தையே மறந்து கால் போன போக்கில் போய்விடும் நிலையும் உண்டு.

செகந்திராபாத் நிகழ்வின் தோற்றம் இந்தக் கடைசி வகைக்குத்தான் மிக ஒத்துப்போகிறது. மேலோட்டமாகப் பார்க்கும் டாக்டர் அங்கேயே நின்றுவிடுவார். அங்கே நின்றால் வரும் ஆபத்து என்னவென்றால், நோயாளிக்கு மனநோய்ப் பட்டம் ஒட்டிவிடும், மாத்திரையோ பெட்டியிலேயே இருக்கும், அடுத்த வாரமும் அவர் அதை விழுங்குவார்.

ஒற்றை நிகழ்வை வைத்து மருந்துதான் குற்றவாளி என்று நூற்றுக்கு நூறு நிறுவ முடியாது. மறுபடி கொடுத்துப் பார்ப்பதற்கும் யாருக்கும் மனம் வராது. ஆனால் மூன்று விஷயங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன. அந்த நேரத்தில் அவர் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். மறதி, பிரமை, சந்தேக மனநிலை ஆகியவை அனுமதி கிடைத்த காலத்திலிருந்தே இந்த மருந்தோடு சேர்த்துப் பதிவானவை. மூன்றாவதாக, இந்த மருந்து மூளைக்குள் போய் என்ன செய்யும் என்பது ஆய்வகத்தில் தெரியும். என் மதிப்பீட்டில், மருந்தே காரணமாக இருக்கும் சாத்தியம் மிக அதிகம்.

நரம்பணுவுக்குள் நடப்பது

மெஃப்ளோகுயின் கொழுப்பில் எளிதில் கரையும். அதனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்துகொள்கிறது. வேண்டாத பொருளை மூளையிலிருந்து வெளியே தள்ளும் ஒரு புரதம் அந்தத் தடுப்பில் இருக்கிறது; பி-கிளைக்கோபுரதம் என்று பெயர். அதை உண்டாக்கும் மரபணுவில் சில மாறுபாடுகள் உள்ள பெண்களுக்கு இந்த மருந்தின் மனப் பாதிப்புகள் கூடுதலாக வருவதை 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே மாத்திரையை ஒரே அளவில் விழுங்கிய இருவரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்க, மற்றவர் நடுச்சாமத்தில் அலறி எழுவதற்கு இது ஒரு காரணம். பொதுவாகவே பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் தொல்லை அதிகம்.

உள்ளே போன பிறகு முதல் அடி கால்சியத்துக்கு. நரம்பணு தன் உள்ளிருக்கும் கால்சியத்தை மிகக் குறைந்த அளவில், கண்டிப்பான கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் கொஞ்சம் திறந்துவிட, எண்டோபிளாச வலை என்ற உள்ளறையில் கையிருப்பு இருக்கும். எலியின் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து மெஃப்ளோகுயினை ஊற்றியபோது, அந்தக் கையிருப்பு கட்டுப்பாடில்லாமல் வெளியே கொட்டியது. வெளியிலிருந்தும் கால்சியம் உள்ளே நுழைந்தது. இப்படி நிரம்பிய நரம்பணு பிழைப்பது கடினம். கால்சியம் தூண்டும் நொதிகள் செல்லின் சொந்தப் புரதங்களையே அரிக்கத் தொடங்கும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும். 2003இல் வந்த இந்த ஆய்வைச் செய்தவர்கள், மருந்தை உருவாக்கிய அதே வால்டர் ரீட் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்கள் வீட்டுப் பிள்ளையையே அவர்கள் கூண்டில் ஏற்றினார்கள். 2010இல் வேறொரு குழு, எலியின் மூளைப் புறணி நரம்பணுக்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுவதையும், மற்ற நரம்பணுக்களோடு தொடர்புகொள்ளும் நுண்முட்கள் உதிர்வதையும் பதிவுசெய்தது.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நரம்பணுக்கள் வேதிப்பொருளைத் தூவித்தான் பேசிக்கொள்ளும் என்று பள்ளியில் படித்தோம். சில நரம்பணுக்கள் அதற்கும் மேலாக, ஒன்றோடொன்று நேரடியாக ஒட்டி, நடுவே நுண்ணிய துளைகள் வழியாக மின்னோட்டத்தையே பகிர்ந்துகொள்கின்றன. வயல்களுக்கு நடுவே வரப்பை வெட்டி விட்ட வாய்க்கால் மாதிரி, ஒன்றில் மட்டம் ஏறினால் பக்கத்திலும் ஏறும். பல நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடிக்க இந்தத் துளைகள் அவசியம். அவற்றைக் கட்டும் புரதங்களில் ஒன்று கனெக்சின் 36. மெஃப்ளோகுயின் மிகக் குறைந்த செறிவிலேயே அதை அடைத்துவிடுகிறது என்று 2004இல் தெரியவந்தது. அதன் பிறகு நரம்பியல் ஆய்வகங்கள் இந்தத் துளைகளை வேண்டுமென்றே அடைக்கும் கருவியாகவே மெஃப்ளோகுயினைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. மலேரியாவைத் தடுக்க ஒருவர் விழுங்கும் பொருளும், மூளையின் தாளத்தைக் குலைக்க ஆய்வகம் அலமாரியிலிருந்து எடுக்கும் பொருளும் ஒன்றே.

கனெக்சின் 36 எங்கெல்லாம் அதிகம்? நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில், மற்ற நரம்பணுக்களை அடக்கி வைக்கும் இடைநரம்பணுக்களில் உண்டு. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் கீழ் ஆலிவ் என்ற கருவில், அதாவது நரம்பணுக்கள் திரண்டிருக்கும் ஒரு முடிச்சில், மிக அதிகம். உடல் அசைவின் நேரக் கணக்கைச் சிறுமூளைக்கு அனுப்பும் இடம் அது. இந்த இரு இடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு நோயாளிகளின் புகார்களைப் படியுங்கள். நினைவு தப்புகிறது, பயம் காரணமின்றி எழுகிறது, கனவு நிஜம்போலக் கனக்கிறது. கூடவே தலைசுற்றல், தள்ளாட்டம், காதில் ஓயாத இரைச்சல். முதல் பாதி நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதியைச் சேர்ந்தது, இரண்டாம் பாதி மூளைத்தண்டைச் சேர்ந்தது.

அந்த இரண்டாம் பாதிதான் துப்பு. மன அழுத்தத்தால் ஒருவருக்குக் கெட்ட கனவு வரலாம். ஆனால் மாதக்கணக்கில் இருட்டில் நடக்கத் தள்ளாடுவதும், காதில் இரைச்சல் நிற்காமல் கேட்பதும் 'எல்லாம் மனசுதான்' என்ற விளக்கத்துக்குள் எளிதில் அடங்காது. மனநலப் புகாரோடு வரும் பயணியிடம் சமநிலை பற்றிக் கேட்காமல் விட்டால், விஷத்தின் மிகத் தெளிவான தடயம் தவறிப்போகும்.

சரி, உயிருள்ள விலங்கில் நிரந்தரச் சேதம் தெரிந்ததா? தெரிந்தது. 2006இல் வால்டர் ரீட் குழு எலிகளுக்கு வாய்வழி ஒரே ஒரு பெரிய அளவு கொடுத்தது. எலிகளின் தூக்கம் கெட்டது, நடமாட்டமும் சமநிலையும் மாறின. அதிக அளவு வாங்கிய எலிகளின் மூளைத்தண்டில், வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது அழிந்த நரம்பிழைகள் தெரிந்தன; குறிப்பாகக் கிராசிலிஸ் என்ற கருவில். உடலின் கீழ்ப்பகுதியின் தொடு உணர்வையும், கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற உணர்வையும் மேலே கடத்தும் இடம் அது. எலிக்குக் கொடுத்த அளவும் மனிதர் வாரம் ஒன்று விழுங்கும் அளவும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செல் சாகும் செறிவும், துளை அடைபடும் செறிவும் வேறு வேறு. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நடப்பது தற்காலிகத் தாளக் குலைவு, சிலருக்கு மட்டும் மீளாத சேதம் என்று பார்ப்பதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இது புதிய கதையும் இல்லை

மலேரியா மருந்து மூளைத்தண்டைத் தாக்குவது 1940களிலேயே தெரிந்த விஷயம். பிளாஸ்மோசிட் என்ற பழைய மருந்தும் அதன் உறவினங்களும் ரீசஸ் குரங்குகளின் மூளைத்தண்டில் என்ன செய்கின்றன என்று லியோன் ஷ்மிட், ஐடா ஷ்மிட் ஆகிய இருவரும் நுணுக்கமாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். கண்ணசைவையும் சமநிலையையும் ஆளும் கருக்களில் நரம்பணுக்கள் அழிந்திருந்தன. இரண்டாம் உலகப் போரில் மெப்பாக்கிரின் என்ற மலேரியா மருந்தைச் சாப்பிட்ட வீரர்களில் சிலருக்குச் சித்தப்பிரமை வந்ததும் அந்தக் கால மருத்துவ இதழ்களில் உண்டு. 1990களில் ஆர்ட்டிமிசினின் வகை மலேரியா ஊசிகள் நாய்களின் மூளைத்தண்டைச் சிதைத்தபோது உலகமே பதறியது. ஆனால் வியட்நாமில், அந்த ஊசி போட்டும் கடும் மலேரியாவால் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது அத்தகைய சேதம் இல்லை என்று 2003இல் தெரிந்தது. சந்தேகம் வந்தது, மனிதர்களில் தேடிப்பார்த்தார்கள், பதில் கிடைத்தது. மெஃப்ளோகுயினுக்கும் அந்த அக்கறை தொடக்கத்திலேயே கிடைத்திருக்க வேண்டும்.

வியட்நாமிலிருந்தே இன்னொரு தகவல். மலேரியா முழுதாகக் குணமாகி, ரத்தத்தில் கிருமியே இல்லாத நிலையில் குழப்பம், வலிப்பு, நடுக்கம் வந்தவர்களை 1996இல் ஒரு குழு தொகுத்தது. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இது வந்தது. ஆனால் கடும் மலேரியாவுக்குப் பின் மெஃப்ளோகுயின் மாத்திரை வாங்கியவர்களிடம் சுமார் ஒன்பது மடங்கு அதிகம்.

எச்சரிக்கை எங்கே தொலைந்தது

என்னைக் கோபப்படுத்தும் பகுதி இதுதான். 1989இல் வந்த முதல் அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே, தடுப்புக்காக எடுக்கும்போது காரணம் தெரியாத பதற்றம், மனச்சோர்வு, அமைதியின்மை, குழப்பம் தென்பட்டால் அவை பெரிய பாதிப்புக்கு முன்னோட்டமாக இருக்கலாம், மருந்தை நிறுத்த வேண்டும் என்று இருந்தது. ஆக, அறிவு இருந்தது. அது மாத்திரையை விழுங்குபவரிடம் போய்ச் சேரவில்லை. பயண மருத்துவ நிலையங்களில், 'கனவு கொஞ்சம் பலமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பதே சாதாரண அறிவுரையாக இருந்தது. நிறுத்தச் சொல்லும் மணியை, சகித்துக்கொள்ள வேண்டிய சத்தமாக மாற்றிவிட்டார்கள்.

தீவிர மனப் பாதிப்பு பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்று பல ஆண்டு சொல்லப்பட்டது. 1996இல் பிரிட்டனில் பயணிகளையே நேரில் கேட்டபோது, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவு நரம்பு அல்லது மனப் பாதிப்பு 0.7 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 140இல் ஒருவருக்கு இருந்தது. அனுமதி கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2001இல், சுமார் ஆயிரம் பயணிகளை இரு குழுவாகப் பிரித்து, யாருக்கு எந்த மருந்து என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. மெஃப்ளோகுயின் குழுவில் 29 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு நரம்பு-மனத் தொல்லை. அட்டோவாகோன்-புரோகுவானில் என்ற வேறொரு மலேரியாத் தடுப்பு மருந்து வாங்கிய குழுவில் 14 சதவீதம். கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கேட்க எண் ஏறியது.

மேலிருந்து உத்தரவு வரும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். மாத்திரையை மறுக்கும் உரிமை படைவீரருக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. கெட்ட கனவு என்று சொன்னால் கோழை என்ற பேர் வரும். கிழக்குத் திமோரில் மெஃப்ளோகுயின் தொடங்கிய 1157 ஆஸ்திரேலிய வீரர்களில் 75 பேர் பக்கவிளைவால் விலகினார்கள். அங்கிருந்து திரும்பிப் பல ஆண்டுகள் துன்பப்பட்டவர்களின் குரலை 2018இல் ஆஸ்திரேலிய செனட் குழு பதிவுசெய்தது. அதற்கு முன்பே, 2016இல், பிரிட்டன் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு, லாரியம் படைக்குக் கடைசித் தேர்வாக மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

எஃப்.டி.ஏ. தன் மிகக் கடுமையான கட்டம்போட்ட எச்சரிக்கையை 2013 ஜூலையில்தான் சேர்த்தது. தலைசுற்றல், சமநிலை இழப்பு, காதிரைச்சல் போன்ற நரம்பியல் பாதிப்புகள் மருந்தை நிறுத்திய பிறகும் மாதங்களோ ஆண்டுகளோ நீடிக்கலாம், நிரந்தரமாகவும் இருக்கலாம் என்று அது சொன்னது. சில வாரங்களில் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் இந்த மருந்தை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவிலும் அதே ஆண்டில் தூக்கமின்மையும் கெட்ட கனவும்கூட முன்னறிகுறிப் பட்டியலில் ஏறின. செகந்திராபாத்தில் அந்த மனிதர் கதவைத் திறந்துபோட்டு வெளியே நடந்து அதற்குள் பதினோரு ஆண்டு ஆகிவிட்டது.

இங்கே இப்போது

மெஃப்ளோகுயின் இந்தியாவில் பழங்கதை இல்லை. தேசிய மலேரியா சிகிச்சை வழிகாட்டி, மலேரியாப் பகுதியில் ஆறு வாரத்துக்கு உட்பட்ட தங்கலுக்கு டாக்ஸிசைக்ளினையும், அதற்கு மேற்பட்ட தங்கலுக்கு மெஃப்ளோகுயினையும் தடுப்பு மருந்தாகச் சொல்கிறது. வலிப்பு, நரம்பு-மனப் பிரச்சினை, இதய நோய் உள்ளவர்களுக்குக் கூடாது, கொடுக்கும் முன் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் ஆட்களும், காட்டுப் பகுதிகளில் பணியில் இருக்கும் பாதுகாப்புப் படையினரும் இந்த 'நீண்ட தங்கல்' வகையில்தான் வருவார்கள்.

சிகிச்சையில் இதன் இடம் வேறு. ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தோடு சேர்த்துச் சில நாட்கள் கொடுக்கும்போது அது உயிர் காக்கும் மருந்து. நோய் வந்து படுத்தவருக்கு ஃபால்சிபாரம் மலேரியா செய்யக்கூடிய கேடு இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. என் எதிர்ப்பு, நலமாக இருக்கும் ஒருவருக்கு மாதக்கணக்கில் தடுப்புக்காகக் கொடுப்பதற்கு மட்டும்தான். அந்தத் தேவைக்குத் தினசரி டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருக்கிறது, கிடைக்கும் இடங்களில் அட்டோவாகோன்-புரோகுவானிலும் இருக்கிறது. ஆனால் மெஃப்ளோகுயினே வேண்டாம் என்று எந்த மருந்தும் இல்லாமல் மலேரியாப் பகுதிக்குப் போவது அதைவிடப் பெரிய தவறு. மாற்று மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

வேறு வழியில்லாமல் மெஃப்ளோகுயின்தான் என்றால், புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குவது நல்லது. தொல்லை வருகிறதா என்பது வீட்டில், தெரிந்த மனிதர்கள் நடுவே தெரிந்துவிடும். உடன் தங்குபவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி வையுங்கள். தன் குழப்பத்தைத் தானே உணர முடியாத நிலை வரும்போது அவர்தான் கவனிக்க வேண்டும். மாத்திரை உறையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். தூக்கம் கெட்டால், கனவு பயமுறுத்தினால், காரணமில்லாமல் பதறினால், தலை சுற்றினால், அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாறுங்கள். டாக்டர்கள் தங்கள் பங்குக்கு, குழப்பத்தோடு வரும் எந்தப் பயணியிடமும் கடந்த மூன்று மாதத்தில் எடுத்த மலேரியா மாத்திரை எது என்று கேட்க வேண்டும். கண்ணை மூடி, கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிப் பார்க்கவும் வேண்டும்.

பக்கவிளைவு வந்தால் அதைப் பதியவும் இடம் இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகச் சொல்லலாம், டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. முதல் மாத்திரை போட்ட தேதி, தொல்லை தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.